நரம்புக்கும் நோய் எதிர்ப்புக்கும் நடுவே ஒரு தூது: விஐபி பற்றி நம் ஊரில் கேட்ட கேள்விகள்

கன்னியாகுமரி மாவட்டத்தில், தக்கலைப் பக்கம் ஒரு நூலகத்தில் நரம்பு மண்டலத்தைப் பற்றிப் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். கல்லூரியில் உடலியங்கியல் நடத்துகிறவன் என்பதால் போனேன். பேச்சு முடிந்து சாயா குடித்துக்கொண்டிருந்தபோது ஓர் அம்மா பக்கத்தில் வந்து கைபேசியை நீட்டினார். வாட்ஸ்அப்பில் வந்த விளம்பரம். ‘விஐபி பெப்டைடு’, மூக்கில் அடித்துக்கொள்ளும் மருந்து. செத்த நரம்பைத் திரும்ப வளர்க்குமாம், எதிர்ப்பு சக்தியைக் கூட்டுமாம், இரண்டும் ஒரே குப்பியில். அந்த அம்மா 30 வருடத்துக்கு மேல் அண்டி ஆபீசில், அதாவது முந்திரி ஆலையில், குத்தவைத்து உட்கார்ந்து பருப்பு உடைத்தவர். இடது காலில் முட்டுக்குக் கீழே மரத்துப்போகிறது. “இதை வாங்கலாமா சாரே?” என்று கேட்டார். அவர் ஒரு மாதம் உழைத்துச் சேர்க்கும் காசு அந்தக் குப்பியின் விலை.

அன்று நின்ற நிலையில் ஒழுங்காகப் பதில் சொல்ல முடியவில்லை. அவர் கேட்டதையும், அங்கிருந்த மற்றவர்கள் கேட்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

விஐபி என்றால் என்ன? பெரிய மனிதர்களைச் சொல்கிற சொல் இல்லையா?

எழுத்து ஒன்றுதான், ஆள் வேறு. இது ‘வாசோஆக்டிவ் இன்டெஸ்டைனல் பெப்டைடு’ என்ற நீளமான பெயரின் சுருக்கம். ரத்தக்குழாயின் மேல் வேலை செய்கிற, குடலில் கிடைத்த பெப்டைடு என்று பொருள்.

அமினோ அமிலங்களை மணிபோலக் கோத்தால் கிடைக்கும் சிறிய சரம் பெப்டைடு. சரம் நீண்டு பெரிதானால் புரதம் என்கிறோம். விஐபி சரத்தில் 28 மணிகள். ஒரு நரம்பு செல் இப்படி ஒரு சரத்தைச் செய்து, தன் நுனியிலிருந்து சேதியாக வெளியே விட்டால், அதை நரம்புப் பெப்டைடு என்போம்.

அடுப்பில் புளிமுளம் என்ற மீன் குழம்பு கொதிக்கும் வாசனை வந்ததும் வாயில் எச்சில் ஊறுகிறதே, அந்த நேரத்தில் இது உங்களுக்குள் வேலை செய்கிறது. எச்சில் சுரப்பிக்குப் போகும் நரம்பு நுனி இரண்டு பொருட்களைச் சேர்த்து விடுகிறது. அசிட்டைல்கோலின், சுரப்பியைச் சுரக்கச் சொல்லும். விஐபி, பக்கத்து ரத்தக்குழாய்களை விரித்து, சுரப்பதற்கு வேண்டிய தண்ணீர் வந்து சேர வழி செய்யும்.

குடலில் கிடைத்ததை ஏன் நரம்புப் பொருள் என்கிறீர்கள்?

இதைக் கண்டுபிடித்த கதையே இந்தக் கேள்விக்குப் பதில். எகிப்தில் பிறந்து அமெரிக்காவில் வேலை பார்த்த சாமி சயீத் என்ற நுரையீரல் மருத்துவர், ரத்தக்குழாயை விரிக்கும் ஒரு பொருளை முதலில் நுரையீரலில்தான் தேடினார். நுரையீரலும் குடலும் கருவில் ஒரே குழாயிலிருந்து பிரிந்து வளர்ந்தவை. ஸ்வீடனில் கரோலின்ஸ்கா நிறுவனத்தில் குடல் பெப்டைடுகளைப் பிரித்தெடுப்பதில் தேர்ந்த விக்டர் முட் என்பவருடன் சேர்ந்து, பன்றியின் சிறுகுடலிலிருந்து விஐபியைப் பிரித்தெடுத்தார். இருவரும் 1970இல் அதை வெளியிட்டார்கள்.

அப்போது எல்லாரும் இதைக் குடலின் ஹார்மோன் என்றே நினைத்தார்கள். 1976இல் மூளையிலும் நரம்புகளிலும் இது நிறைய இருப்பது தெரியவந்தது. அப்புறம்தான் குடலில் இருந்த விஐபியும் குடல் சுவரில் ஓடும் நரம்புகளுக்குள் இருந்தது என்று புரிந்தது. பெயர் மட்டும் குடலோடு ஒட்டிக்கொண்டது.

1989இல் ஆட்டின் மூளையில், ஹைப்போதலாமஸ் என்ற பகுதியில், இதன் நெருங்கிய சொந்தம் ஒன்று கிடைத்தது. பிஏகாப் என்று பெயர், 38 மணிகள். இரண்டும் பல இடங்களில் ஒரே கதவைத் தட்டுகின்றன.

ஒரே பொருள் ரத்தக்குழாயை விரிக்கும், நரம்பை வளர்க்கும், எதிர்ப்பு சக்தியையும் பார்க்கும் என்றால் நம்பும்படியாக இல்லையே?

குளச்சல் பக்கத்து கடற்கரை ஊர்களை நினைத்துப் பாருங்கள். விடியற்காலையில் கோவில் மணி அடிக்கிறது. ஒருவர் திருப்பலிக்குக் கிளம்புகிறார். சாயாக் கடைக்காரர் அடுப்பு பற்றவைக்கிறார். ஒரு தாய் பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு எழுப்புகிறார். மணியின் சத்தத்தில் ‘அடுப்பு பற்றவை’ என்று எதுவும் இல்லை. கேட்கிறவர் யாரோ, அவர் தன் வேலையைச் செய்கிறார்.

விஐபியும் அப்படித்தான். செல்லின் மேல்தோலில் இதைக் கேட்கும் காதுகள் உண்டு. ஏற்பி என்று பாடப்புத்தகத்தில் எழுதுவோம். விபேக்-1, விபேக்-2 என்று முக்கியமான இரண்டு. விஐபி வந்து அதில் உட்கார்ந்ததும் செல்லுக்குள் பெரும்பாலும் ‘சைக்ளிக் ஏஎம்பி’ என்ற பொருள் கூடுகிறது. அதற்கு மேல் என்ன நடக்கும் என்பது அந்தச் செல் எந்தச் செல் என்பதைப் பொறுத்தது. மூச்சுக்குழாயின் தசை தளர்கிறது. குடல் செல் உப்பையும் தண்ணீரையும் வெளியே விடுகிறது. நரம்பைச் சுற்றியிருக்கும் துணைச் செல் வளர்ச்சிப் பொருட்களைச் சுரக்கிறது. எதிர்ப்புச் செல் தன் ஆவேசத்தைக் குறைக்கிறது.

குப்பியில் அடைத்து உடல் முழுக்க அனுப்பினால், இத்தனை வீட்டிலும் ஒரே நேரத்தில் மணி அடிக்கும். விஐபியை ரத்தத்தில் ஏற்றும்போது முகம் சிவப்பதும், ரத்த அழுத்தம் இறங்குவதும், வயிறு போவதும் அதனால்தான்.

நரம்பை வளர்க்கும் என்பது பொய்யா?

பொய்யில்லை. ஆனால் எங்கே, எப்போது, யாருக்கு என்று கேட்க வேண்டும்.

1986இல் டக்ளஸ் பிரென்னமன், லீ ஐடன் இருவரும் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். தண்டுவடத்திலிருந்து எடுத்த இளம் நரம்பு செல்களைக் கண்ணாடித் தட்டில் வளர்த்து, அவற்றின் மின்துடிப்பை மருந்து கொடுத்து நிறுத்தினால், பல செல்கள் செத்துப்போகின்றன. பேச்சுவார்த்தை இல்லாமல் தனியாகக் கிடக்கும் நரம்பு செல் பிழைப்பதில்லை. அங்கே மிகக் கொஞ்சம் விஐபி சேர்த்தால் சாவு குறைந்தது. இதில் எனக்குப் பிடித்த விஷயம், விஐபி நேரே நரம்பு செல்லைக் காப்பாற்றியதைவிட, பக்கத்தில் இருக்கும் ஆஸ்ட்ரோசைட் என்ற துணைச் செல்லைத் தட்டி எழுப்பியது. அந்தத் துணைச் செல்தான் நரம்பைக் காக்கும் புரதங்களைச் சுரந்தது. பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் பக்கத்து வீட்டு அத்தையைக் கூப்பிட்டுவிடுகிற மாதிரி.

அந்தத் தேடலில் 1999இல் ஏடிஎன்பி என்ற புரதம் கிடைத்தது. இஸ்ரேலில் இல்லானா கோசஸ் குழுவின் வேலை அது. மூளை உருவாவதற்கு இந்தப் புரதம் எவ்வளவு முக்கியம் என்பது 2014இல் இன்னும் தெளிவானது: ஏடிஎன்பி மரபணுவில் பிழை உள்ள சில குழந்தைகளுக்கு ஆட்டிசமும் அறிவு வளர்ச்சிக் குறைவும் சேர்ந்து வருகின்றன என்று கண்டார்கள்.

இதைவிட ஆழமான சேதி கர்ப்பப்பையில் இருக்கிறது. 1993இல் பியர் கிரெசன்ஸ் குழு, எலிக் கருக்களை முழுதாக வெளியே எடுத்து வளர்த்து அதில் விஐபி சேர்த்தபோது, சில மணி நேரத்துக்குள் கரு வேகமாக வளர்ந்தது. மூளையாக ஆகப்போகும் பகுதியில் செல்கள் பெருகின. கர்ப்பிணி எலியில், கருவின் 9ஆம் நாள் முதல் 11ஆம் நாள் வரை விஐபியின் வேலையைத் தடுத்தால், குட்டிகள் சிறிய தலையோடு பிறந்தன. அந்த நாட்களில் கரு தானே விஐபி செய்வதில்லை. தாயின் ரத்தத்தில்தான் அது கூடுகிறது. அதை அங்கே செய்கிறவற்றில் தாயின் டி-லிம்போசைட்டுகளும் உண்டு என்று பின்னால் கண்டார்கள். அவை எதிர்ப்பு மண்டலத்தின் செல்கள்! சண்டைக்காரர்கள் என்று நாம் நினைக்கும் செல்கள், பிறக்காத பிள்ளையின் மூளை வளர உரம் போடுகின்றன. நரம்பு வேறு, நோய் எதிர்ப்பு வேறு என்று பாடப்புத்தகம் போடும் கோட்டை இந்த ஒரு காட்சி அழித்துவிடுகிறது. வருடாவருடம் வகுப்பில் இதைச் சொல்லும்போது எனக்கு அதே வியப்பு வருகிறது.

இவ்வளவும் தட்டிலும் எலியிலும் நடந்தவை. வளர்ந்த மனிதருக்கு மருந்தாக ஆனதா? ஏடிஎன்பியிலிருந்து 8 அமினோ அமிலம் கொண்ட ஒரு துண்டை எடுத்து, தாவுனெடைடு என்று பெயரிட்டு, மூக்கில் அடிக்கும் மருந்தாகவே சோதித்தார்கள். பிஎஸ்பி என்ற கொடிய மூளைத் தேய்வு நோய் உள்ளவர்களுக்கு ஒரு வருடம் கொடுத்துப் பார்த்து, 2014இல் முடிவை வெளியிட்டார்கள். வெறும் மருந்தில்லாத தெளிப்பு வாங்கியவர்களைவிட இவர்கள் நிலை மேலாக இல்லை.

ரப்பர் வெட்டும்போது கத்தி பட்டு விரல் நரம்பு அறுந்துவிட்டது. அங்கேயும் விஐபி வருமா?

குலசேகரத்திலிருந்து வந்த ஒரு அண்ணன் கேட்டது இது. தண்டுவடத்தின் பக்கத்தில் முடிச்சுகளாக இருக்கும் உணர்வு நரம்பு செல்களில், சாதாரண நாளில் விஐபி மிகக் குறைவு. அவற்றின் நீண்ட இழை அறுபட்டால் சில நாளில் விஐபி செய்வது வெகுவாகக் கூடுகிறது. அதே சமயம், வலியைச் சொல்லும் சப்ஸ்டன்ஸ் பி, சிஜிஆர்பி என்ற வேறு இரண்டு பெப்டைடுகள் குறைகின்றன. சேதி சொல்லும் வேலையைக் கொஞ்சம் நிறுத்திவைத்து, உயிரோடு இருந்து மறுபடி வளரும் வேலைக்கு அந்தச் செல் மாறிக்கொள்கிறது என்று இதைப் புரிந்துகொள்ளலாம்.

வெட்டின பட்டை மறுபட்டையாக வளர்வதை நீங்கள் தினமும் பார்க்கிறீர்கள். நரம்பிழையும் வளரும். தோராயமாக ஒரு நாளைக்கு 1 மில்லிமீட்டர். ஆனால் அறுந்த இரண்டு முனையும் நேருக்கு நேர் இருந்தால்தான் வழி தெரியும். அதற்கு அறுவைச் சிகிச்சை மருத்துவர் தையல் போட வேண்டும், அதுவும் சீக்கிரம். எந்தத் தெளிப்பு மருந்தும் அந்தத் தையலைப் போடாது.

சரி, எதிர்ப்பு சக்தியைக் கூட்டுமா?

விளம்பரத்தில் பெரிய தவறு இங்கேதான் இருக்கிறது. பெரும்பாலான இடங்களில் விஐபி எதிர்ப்பு மண்டலத்தை அடக்குகிறது.

கேட்டதும் பலருக்கு முகம் வாடியது. எதிர்ப்பு என்றால் கூட வேண்டும் என்றே நாம் பழகிவிட்டோம். பேச்சிப்பாறை அணையை நினைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் வேண்டும்தான், வயலுக்கு அது உயிர். ஐப்பசி மழையில் அணை நிறைந்து வழியும்போது மதகைப் பார்த்துப் பார்த்து இயக்க ஆள் இல்லையென்றால் கீழே இருக்கும் வீடுகள் கதி என்ன? கிருமி வந்தால் மாக்ரோஃபேஜ் என்ற பெருந்தின்னி செல்கள் டிஎன்எஃப் ஆல்ஃபா, இன்டர்லூக்கின்-6, இன்டர்லூக்கின்-12 போன்ற சேதிப் பொருட்களைக் கொட்டுகின்றன. அது வீக்கமும் காய்ச்சலுமாகிக் கிருமியை அழிக்கிறது. கிருமி போன பிறகும் கொட்டிக்கொண்டே இருந்தால் நம் சொந்தத் திசு வேகும். விஐபி இந்தப் பொருட்களைக் குறைத்து, தணிக்கிற இன்டர்லூக்கின்-10ஐக் கூட்டுகிறது. ‘சொந்த வீட்டை அடிக்காதே’ என்று மற்ற செல்களைக் கட்டுப்படுத்தும் ஒழுங்கு டி-செல்கள் உருவாகவும் உதவுகிறது. மரியோ டெல்காடோ, டோய்னா கானியா இருவரின் ஆய்வுகள் இதில் முதன்மையானவை. 2001இல் டெல்காடோவும் அவரோடு சேர்ந்தவர்களும், முடக்குவாதம் வரவைத்த எலிகளுக்கு விஐபி கொடுத்தபோது மூட்டு வீக்கமும் எலும்புச் சிதைவும் குறைந்ததைக் காட்டினார்கள்.

இந்த விஐபியை நரம்பு நுனி மட்டும் தருவதில்லை. எதிர்ப்புச் செல்களே சில வேளைகளில் தாமே செய்துகொள்கின்றன. சேதி இரண்டு பக்கமும் ஓடுகிறது.

முடக்குவாதம் உள்ளவர்களுக்கு இதைக் கேட்டால் ஆசை வரும், நியாயம்தான். ஆனால் ரத்தத்தில் போட்ட விஐபி ஓரிரு நிமிடத்தில் பாதியாகக் கரைந்துவிடுகிறது. நொதிகள் அதை வெட்டித் தள்ளிவிடுகின்றன. அதனால் மனிதருக்கான முடக்குவாத மருந்தாக அது இன்னும் வரவில்லை. மருத்துவர் கொடுத்திருக்கும் மெத்தோட்ரெக்சேட் என்ற முடக்குவாத மருந்தை இதற்காக நிறுத்திவிடாதீர்கள்.

கொரோனா நேரத்தில் இந்த ஊசியைப் பற்றிக் கேள்விப்பட்டோமே?

ஆமாம். விஐபியைச் செயற்கையாகச் செய்து அவிப்டாடில் என்று பெயரிட்டிருந்தார்கள். நுரையீரலில் வீக்கத்தைத் தணிக்கும், காற்றறைகளைக் காக்கும் என்பது எதிர்பார்ப்பு, அதற்கு அடிப்படையும் இருந்தது. 2021 நவம்பரில் அமெரிக்காவில் மருந்துகளுக்கு அனுமதி தரும் எஃப்டிஏ இதற்கு அவசர அனுமதி தர மறுத்தது. மூச்சுத்திணறி மோசமான நிலையில் இருந்த கொரோனா நோயாளிகளிடம் டெசிகோ என்ற பெரிய சோதனை நடந்தது. பலன் தெரியாததால் 2022இல் அவிப்டாடில் பகுதியை நிறுத்தினார்கள்.

வளைகுடாவில் இருந்த நம் பிள்ளைகளுக்காக அந்த நாட்களில் எத்தனை வீடுகள் எந்த மருந்து கிடைக்கும் என்று ராத்திரி முழுக்கப் போன் செய்தன என்பது எனக்குத் தெரியும். எங்கள் வீடும் அதில் ஒன்று. நல்ல காரணத்தோடு தொடங்கிய மருந்தும் சோதனையில் தோற்கலாம் என்று அப்போது வலியோடு கற்றுக்கொண்டோம்.

அப்படியானால் இது எங்குமே மருந்தாக இல்லையா?

ஐரோப்பாவில் சில நாடுகளில், ஆண்களின் விறைப்புக் குறைபாட்டுக்கு, ஃபென்டோலமைன் என்ற இன்னொரு மருந்தோடு சேர்த்து ஊசியாக இருக்கிறது. ரத்தக்குழாயை விரிக்கும் அதன் முதல் குணம் அங்கே பயன்படுகிறது.

நேரத்துக்குச் சாப்பிட வேண்டும் என்பதற்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

உண்டு போலத் தெரிகிறது, ஆனால் எப்படி என்பதில் ஆய்வாளர்களே ஒத்துப்போகவில்லை. சாப்பாடு உள்ளே போனதும் குடல் நரம்புகள் விஐபியை விடுகின்றன. குடல் சுவரில் காவல் இருக்கும் ஐஎல்சி-3 என்ற எதிர்ப்புச் செல்கள் அதைக் கேட்கின்றன. 2020இல் எலிகளில் செய்த ஓர் ஆய்வு, விஐபி அந்தக் காவலைக் கொஞ்சம் தளர்த்தி, கொழுப்பை உறிஞ்ச வழிவிடுகிறது என்றது. அதே வருடம் இன்னோர் ஆய்வு, விஐபி காவலைப் பலப்படுத்துகிறது என்றது. இரண்டும் தேர்ந்த குழுக்கள், நல்ல இதழ்கள். அறிவியல் இப்படித்தான் நடக்கும். இதை வைத்து யாராவது உணவு அட்டவணை போட்டுக் கொடுத்தால் வாங்க வேண்டாம்.

ராத்திரி கடலுக்குப் போகிறவர்களுக்குத் தூக்கம் கெடுகிறதே, அதில் விஐபி வருமா?

மூளையின் அடியில், கண்ணிலிருந்து வரும் நரம்புகள் குறுக்கே கடக்கும் இடத்துக்கு மேலே, நம் உடல் கடிகாரம் இருக்கிறது. பல்லாயிரம் செல்கள், ஒவ்வொன்றும் ஒரு கடிகாரம். எல்லாம் ஒரே மணி காட்ட வைக்கும் சேதியாக அங்கே விஐபி ஓடுகிறது. விஐபியோ அதன் விபேக்-2 ஏற்பியோ இல்லாத எலிகளுக்கு இரவு பகல் ஒழுங்கு குலைந்துபோகிறது. தேங்காய்ப்பட்டணத்திலிருந்து நடுராத்திரி போட் ஏறுகிற ஒருவருக்கு இதில் செய்ய முடிந்தது, பகலில் தூங்கும் அறையை நன்றாக இருட்டாக்குவது. வெளிச்சம்தான் அந்தக் கடிகாரத்தைத் திருப்பும் கை.

விஐபி அதிகமானால் என்ன ஆகும்?

விபோமா என்ற கட்டி, பெரும்பாலும் கணையத்தில், மிக மிக அரிதாக வரும். கட்டி நிறுத்தாமல் விஐபியைக் கொட்டும். காலரா போலத் தண்ணீர்ப் பேதி, பலருக்கு ஒரு நாளைக்கு 3 லிட்டருக்கும் மேல். ரத்தத்தில் பொட்டாசியம் சரிந்து கைகால் துவளும். 1958இல் வெர்னர், மாரிசன் இருவர் இதை விவரித்தார்கள். அப்போது விஐபியே கண்டுபிடிக்கப்படவில்லை. சாதாரண வயிற்றுப்போக்குக்கெல்லாம் இதை நினைத்துப் பயப்பட வேண்டாம்.

எந்த உணவில் இது கிடைக்கும்? மார்த்தாண்டம் தேன், அக்கானி (பதநீர்)?

எதிலும் கிடைக்காது. சாப்பிட்டாலும் பெப்டைடு வயிற்றில் செரித்துவிடும். உடல் தனக்கு வேண்டியதைத் தானே செய்துகொள்கிறது. தேனையும் அக்கானியையும் ருசிக்காகச் சாப்பிடுங்கள்.

வர்ம ஆசான் தட்டியதும் என் பாட்டாவுக்குக் கை தெளிந்தது. அது விஐபியா?

நம் மாவட்டத்து வர்ம ஆசான்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு. நரம்பும் ரத்தக்குழாயும் தோலுக்கு அருகில் ஓடும் இடங்களைக் கையால் அறிந்தவர்கள். ஆனால் வர்மத் தடவலையும் விஐபியையும் முடிச்சுப்போட என்னிடம் ஆதாரம் எதுவும் கிடையாது. ஆசானின் கைவேலைக்கு ஒரு பெப்டைடின் பெயரை ஒட்டினால் இரண்டுக்கும் பெருமை இல்லை.

கடைசியாக, அந்த அம்மாவின் கேள்வி: என் கால் மரத்துப்போவதற்கு இதை வாங்கலாமா?

வேண்டாம் அம்மா. அந்தக் காசைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

கால் மரத்துப்போக நிறைய காரணம் உண்டு, பலவற்றுக்கு மருந்தும் வழியும் உண்டு. முட்டுக்கு வெளிப்பக்கம், கொஞ்சம் கீழே, ஒரு எலும்பு முண்டு தட்டுப்படும். அதைச் சுற்றி ஒரு நரம்பு தோலுக்கு மிக அருகில் போகிறது. வருடக்கணக்கில் குத்தவைத்து உட்கார்ந்து வேலை செய்தால் அது அங்கே நசுங்கும். அப்படியென்றால் கால் வெளிப்பக்கமும் பாதத்தின் மேல்புறமும் மரக்கும், பாதத்தைத் தூக்கி நடக்கத் தடுமாறும். முதல் வைத்தியம் உட்காரும் விதத்தை மாற்றுவது. சர்க்கரை இருந்தால் பெரும்பாலும் இரண்டு பாதமும் சேர்ந்து, விரலிலிருந்து மேலே ஏறும். பி12 குறைந்தாலும் மரக்கும். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் பல வருடமாகச் சாப்பிடுகிறவர்களுக்கு பி12 குறைய வாய்ப்பு அதிகம். தோலில் நிறம் மங்கிய, உணர்ச்சியில்லாத திட்டு இருந்தால் தொழுநோயா என்று பார்க்க வேண்டும். அதற்கு அரசு மருத்துவமனையில் இலவசமாக மருந்து உண்டு, சீக்கிரம் தொடங்கினால் நரம்பைக் காப்பாற்றலாம்.

முதலில் உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் சர்க்கரை பாருங்கள். அங்கிருந்து சீட்டு வாங்கிக்கொண்டு ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் காலையிலேயே போய்விடுங்கள். மரத்துப்போகும் இடத்தைப் பேனாவால் காலில் வரைந்துகொண்டு போனால் மருத்துவருக்கு மிகவும் உதவும். எப்போது தொடங்கியது, ஒரு நாளில் எத்தனை மணி நேரம் குத்தவைத்து உட்கார்ந்தீர்கள் என்பதையும் மறக்காமல் சொல்லுங்கள்.